சிங்கப்பூரில் சாப்பிட்டுப் பார்க்க: உணவங்காடி முதல் மதுக்கூடம் வரை முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூருக்கு முதன்முறையாக வரும் உறவினர்களையும் நண்பர்களையும் சாப்பிட அழைத்துச் செல்லும்போது ஒரே வகைத் தடுமாற்றத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். புகழ்பெற்ற கடைகளின் பட்டியல் கைப்பேசியில் இருக்கும். போய்ச் சேரும்போது ஒன்று பண்டம் தீர்ந்திருக்கும், இல்லையென்றால் அன்று கடைக்கு விடுமுறையாக இருக்கும். சீன, மலாய், தமிழ், இந்தோனேசிய, பிலிப்பினோ, பர்மியச் சமையல்கள் நடக்கும் தூரத்தில் கிடைக்கும் இந்நகரத்தில் எதைச் சாப்பிடுவது என்பது எளிய கேள்விதான். எந்த நேரத்தில் எங்கே போவது, அங்கே எதை முதலில் செய்வது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றவை தாமாக அமையும். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் பின்பற்றுவது நல்லது.

1. புறப்படும் முன்

2, 5, 10 வெள்ளித் (சிங்கப்பூர் டாலர்) தாள்களாகக் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள். உணவங்காடி, அதாவது பல சிறு உணவுக்கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் பொது வளாகம்; அதன் கடைகள் பலவற்றில் கியூஆர் குறியீடு ஒட்டியிருந்தாலும், அது பெரும்பாலும் உள்ளூர் வங்கிக் கணக்கோடு இணைந்த பேநவ் சேவைக்கானது. வெளிநாட்டுக் கடன் அட்டையைச் சிறு கடைகள் ஏற்பதில்லை. காலை நேரத்தில் ஒரு கோப்பிக்கு 50 வெள்ளித் தாளை நீட்டினால் கடைக்காரர் சில்லறைக்குத் திண்டாடுவார்.

ஒரு டிஷ்யூ பாக்கெட்டும் தண்ணீர்ப் புட்டியும் அவசியம். கடைகளில் கைதுடைக்கும் தாள் கொடுக்கும் வழக்கம் இல்லை. இலவசமாகத் தண்ணீரும் வைக்க மாட்டார்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்பதால் தங்குமிடத்திலேயே நிரப்பிக்கொள்ளலாம். உணவங்காடிகளில் குளிரூட்டி கிடையாது, மின்விசிறிதான். மெல்லிய பருத்தி ஆடை உடுத்திச் செல்லுங்கள்.

அடுத்து, நீங்கள் போகவிருக்கும் உணவங்காடி அன்று திறந்திருக்கிறதா என்று பாருங்கள். துப்புரவுப் பணிக்காக உணவங்காடிகள் அவ்வப்போது முழுவதுமாக மூடப்படும். புதுப்பிப்புப் பணி என்றால் மாதக்கணக்கில்கூட மூடியிருக்கும். இந்தத் தேதிகளைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் முன்கூட்டியே வெளியிடுகிறது. பண்டிகைகளையும் கணக்கில் கொள்ளுங்கள்: சீனப் புத்தாண்டை ஒட்டிச் சீனக் கடைகளும், நோன்புப் பெருநாளை ஒட்டி மலாய்க் கடைகளும் பல நாள் மூடியிருக்கும்.

மூன்று நான்கு பேராகப் போவது மிகவும் வசதி. உணவங்காடியில் ஒரு தட்டு பெரும்பாலும் 4 முதல் 8 வெள்ளிக்குள் அடங்கும். ஆளுக்கு ஒரு கடையில் வாங்கிப் பகிர்ந்தால் ஒரே வேளையில் நான்கு சமையல்களைச் சுவைத்துவிடலாம். தனியாகப் போகிறவர் முதல் தட்டிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளாமல், சிறிய அளவு கேட்டு வாங்குவது நல்லது.

2. கடிகாரத்தைப் பார்த்து இடத்தை முடிவு செய்தல்

புதியவர்கள் இடத்தை முடிவு செய்துவிட்டு நேரத்தைத் தேடுகிறார்கள். இங்கே அது பலிக்காது. பெரும்பாலான கடைக்காரர்கள் தனியாகவோ இணையராகவோ உழைப்பவர்கள். விடியுமுன் சமைத்ததை விற்று முடித்ததும் கடையை மூடிவிடுவார்கள். அறிவிப்புப் பலகையில் மாலை வரை என்று எழுதியிருந்தாலும், பண்டம் தீர்ந்த நேரமே மூடும் நேரம்.

காலை 7.30 முதல் 10 மணி வரை காயா ரொட்டி (தேங்காய்ப்பால்-முட்டை ஜாம் தடவியது), நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு), தோசை, ரொட்டி பிராட்டா (நம் பரோட்டா) ஆகியவற்றுக்கான நேரம். கோழிச்சோறு, நூடுல்ஸ் போன்றவற்றுக்கு 11 மணி அளவில் போய்விடுங்கள். வார நாளில் 12 முதல் 1.30 வரை அலுவலகக் கூட்டம் இறங்கும். மேக்ஸ்வெல், அமோய் ஸ்திரீட், லாவ் பா சாட் போன்ற வர்த்தக வட்டார உணவங்காடிகளை அந்த நேரத்தில் தவிர்ப்பதே அறிவு. அதற்காக அமோய் ஸ்திரீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போனால், அலுவலர்களை நம்பிய கடைகள் பலவும் மூடியிருக்கும். ஆகவே அங்கே வார நாளில், 11 மணிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்பகல் 2.30 முதல் 5 வரை உணவங்காடிகள் சோர்ந்திருக்கும். அது கஃபேக்களின் நேரம். மாலையில் லாவ் பா சாட்டை ஒட்டிய பூன் டாட் ஸ்திரீட்டில் போக்குவரத்தை நிறுத்தி மேசை போட்டுச் சத்தே என்னும் குச்சி இறைச்சியைச் சுடுவார்கள். கடல் உணவு, ரேஸ் கோர்ஸ் சாலையின் மீன்தலைக் கறி போன்ற பெரிய சாப்பாடுகளையும் மாலைக்கே வைத்துக்கொள்ளுங்கள். கடைகளின் வார விடுமுறை பெரும்பாலும் திங்கள் அல்லது அதை ஒட்டிய நாளில் வரும். எனவே குறிப்பிட்ட ஒரு கடைக்காகவே போவதாக இருந்தால் திங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

ரமலான் மாதத்தில் ஒரு கூடுதல் கவனம் தேவை. இங்கே ஆண்டு முழுவதும் 7 மணியை ஒட்டியே சூரியன் மறைகிறது. நோன்பு திறப்பவர்கள் அதற்கு முன்பே வந்து, உணவை முன்னால் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். அந்த நேரத்தில் ஹலால் கடைகளில் மேசையைப் பிடித்து வைத்திருக்காமல், 8 மணிக்கு மேல் போவது மரியாதை. உங்களுக்கும் இடம் கிடைக்கும்.

3. உணவங்காடிக்குள் நுழைந்தபின்

முதல் வேலை, மேசை பிடிப்பது. உணவைக் கையில் ஏந்திக்கொண்டு இடம் தேடுவதுதான் புதியவர்களின் முதல் தவறு. காலி மேசையில் டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டால் அது பிடிக்கப்பட்ட இடம் என்று எல்லோருக்கும் புரியும். இதை இங்கே ‘சோப்’ செய்வது என்பார்கள். அதேபோல் வேறொருவரின் டிஷ்யூ பாக்கெட்டோ குடையோ இருக்கும் இடத்தில் நீங்கள் உட்காரக் கூடாது. நெரிசலில் பெரிய மேசையின் காலி நாற்காலிகளில் முன்பின் தெரியாதவர்களோடு அமர்வது இயல்பு, “இங்கே ஆள் இருக்கிறதா?” என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

மேசை எண்ணை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சில கடைகள் உணவைக் கொண்டுவந்து தருவதால் அந்த எண்ணைக் கேட்பார்கள்; சுயசேவை என்று எழுதியிருந்தால் நீங்களே நின்று வாங்க வேண்டும்.

அடுத்து, வாங்கும் முன் ஒரு சுற்று நடங்கள். நீண்ட வரிசையைக் கண்டதும் போய் நிற்பவர்கள், அது என்ன கடை என்பதைப் பாதி வழியில்தான் பார்க்கிறார்கள். வரிசையில் நிற்பவர்களின் வயதையும் உடையையும் பார்த்தால் ஓரளவு புரியும்: அக்கம்பக்கத்து முதியவர்கள் நிற்கும் வரிசையை நான் நம்புவேன்; எல்லோரும் கைப்பேசியை உயர்த்திப் படமெடுக்கும் வரிசையை அந்த அளவுக்கு நம்ப மாட்டேன்.

கலவைச்சோற்றுக் கடை புதியவர்களை மிகவும் பதற்றப்படுத்துவது. கண்ணாடிக்குப் பின்னால் இருபது முப்பது தட்டுகள் இருக்கும். உங்கள் முறை வந்ததும் கடைக்கார அம்மா ஒரு கையில் சோற்றுத் தட்டும் மறு கையில் இடுக்கியுமாக நிமிர்ந்து, இங்கேயா, ‘தாபாவ்’ செய்யவா, அதாவது பொட்டலமா என்று கேட்பார். பதில் சொன்ன நொடியிலேயே நீங்கள் சுட்டத் தொடங்க வேண்டும். இடுக்கி உங்கள் விரலைப் பின்தொடரும். எனவே வரிசையில் நிற்கும்போதே இரண்டு காய், ஒரு கறி என்று முடிவு செய்துவிடுங்கள். மீனும் இறாலும் மற்றவற்றைவிட விலை கூடுதல் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சீனக் கடைக்காரர்களை அங்கிள், ஆன்ட்டி என்றும், மலாய்ப் பெண்மணிகளை மக்சிக் என்றும், நம்மவர்களை அண்ணே, அக்கா என்றும் அழைத்தால் முகம் மலரும். பானத்துக்குத் தனிக்கடை உண்டு. உணவு விற்பவரிடம் தேநீர் கேட்க வேண்டாம்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் திருப்பி வைப்பது சட்டப்படி கட்டாயம். உணவங்காடிகளில் 2021 செப்டம்பர் முதலும், காப்பிக்கடைகளிலும் உணவுக்கூடங்களிலும் 2022 ஜனவரி முதலும் இது நடைமுறைப்படுத்தப்படுகிறது. முதல் முறைக்கு எழுத்துவழி எச்சரிக்கை, இரண்டாவது முறைக்கு 300 வெள்ளி அபராதம். பயன்படுத்திய டிஷ்யூவையும் மேசையில் விடக் கூடாது. திருப்பி வைக்கும் அடுக்குகளில் ஹலால் என்று எழுதியதும் மற்றதும் தனித்தனியாக இருக்கும். பன்றி இறைச்சி சாப்பிட்ட தட்டை ஹலால் அடுக்கில் வைப்பது அந்தக் கடைக்காரருக்கு உண்மையிலேயே பெரிய சங்கடம் என்பதால், வைக்கும் முன் பலகையைப் படியுங்கள்.

4. கோப்பி சொல்லும் முறை

வெறுமனே ‘கோப்பி’ என்றால் கெட்டிப்பால் கலந்த இனிப்பான காப்பி வரும். அதற்குப் பின்னால் சேர்க்கும் சொற்கள்தான் அதை மாற்றுகின்றன. ‘ஓ’ என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. ‘சி’ என்றால் இனிப்பில்லாத ஆவிப்பாலும் சர்க்கரையும். ‘காவ்’ என்றால் திடமாக, ‘போ’ என்றால் லேசாக. ‘சியூ டாய்’ இனிப்பைக் குறைக்கும். ‘கோசோங்’ சர்க்கரையை முற்றிலும் நீக்கும். ‘பெங்’ என்றால் ஐஸ் போட்டது. ‘கோப்பி’ இருக்கும் இடத்தில் ‘தே’ என்று வைத்தால் தேநீர்.

இவற்றை இதே வரிசையில் சொல்லுங்கள்: முதலில் பானம், பிறகு பால், பிறகு திடம், பிறகு இனிப்பு, கடைசியில் ஐஸ். ஆவிப்பால் கலந்த, சர்க்கரையில்லாத ஐஸ் காப்பி வேண்டுமென்றால் ‘கோப்பி சி கோசோங் பெங்’. கடைக்காரர் இந்த வரிசையில் கேட்டுப் பழகியவர் என்பதால் ஒரே மூச்சில் புரிந்துகொள்வார். நம்மவர்கள் பலர் “சர்க்கரை வேண்டாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு, கெட்டிப்பாலின் இனிப்பைக் குடித்து முகம் சுளிக்கிறார்கள். கெட்டிப்பாலிலேயே சர்க்கரை இருப்பதால் ‘சி’ அல்லது ‘ஓ’வோடு ‘கோசோங்’ சேர்த்தால்தான் அது முழுமையாகப் போகும்.

காயா ரொட்டியோடு வரும் அரைவேக்காட்டு முட்டைகளைத் தட்டில் உடைத்து ஊற்றி, கறுப்புச் சோயாவும் வெள்ளை மிளகுத்தூளும் சேர்த்துக் கலக்கி, ரொட்டியை அதில் தொட்டுச் சாப்பிட வேண்டும். முட்டையைத் தொட்டுக்கொள்ள விருப்பமில்லாவிட்டால் ரொட்டியை மட்டும் கேட்டு வாங்கலாம்.

5. சைவம், ஹலால், மாட்டிறைச்சி: கேட்டே ஆக வேண்டியவை

இந்தப் படியை அவசரமாகக் கடப்பவர்களே பிறகு மனம் வருந்துகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் காயை வைத்து ஒரு பண்டம் சைவம் என்று முடிவு செய்ய முடியாது. கங்கோங் கீரை வறுவலில் பெலாச்சான் என்னும் இறால் விழுது சேரும். பழமும் காயும் கலந்த ரோஜாக்கின் கறுப்புக் குழம்பும் இறால் விழுதால் ஆனதே. தேங்காய்ப்பால் நூடுல்ஸான லக்சாவின் சாற்றில் உலர்ந்த இறால் இருக்கும். நாசி லெமாக்கின் சம்பலில் நெத்திலியோ பெலாச்சானோ இருக்க வாய்ப்பு அதிகம். சார் குவே தியாவ் என்னும் வறுத்த நூடுல்ஸைப் பழைய முறையில் பன்றிக் கொழுப்பில்தான் வறுப்பார்கள். இறைச்சியைத் தவிர்க்கச் சொன்னால் கடைக்காரர் கண்ணுக்குத் தெரியும் துண்டுகளை எடுத்துவிடுவார், விழுதும் கொழுப்பும் அப்படியே இருக்கும்.

ஆகவே சைவ உணவுக்காரர்கள் சைவக்கடை என்றே பலகை வைத்த கடைகளுக்குச் செல்வது பாதுகாப்பு. பெரிய உணவங்காடிகள் பலவற்றில் சீன சைவக்கடை ஒன்றாவது இருக்கும். அங்கே இறைச்சி போலவே தோன்றும் பண்டங்கள் சோயாவாலும் கோதுமைப் புரதத்தாலும் செய்யப்பட்டவை. பார்த்து மிரள வேண்டாம். பல கடைகளில் வெங்காயமும் பூண்டும் இராது, ஆனால் முட்டை இருக்கக்கூடும் என்பதால் முட்டையைப் பற்றித் தனியாகக் கேளுங்கள்.

ஹலால் தேவைப்படுவோர் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) வழங்கும் சான்றிதழைப் பார்க்க வேண்டும். “பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை” என்ற பலகை ஹலால் சான்று ஆகாது. அத்தகைய இடங்களில் மற்ற இறைச்சி ஹலால் முறையில் அறுக்கப்பட்டதா என்பதற்கும், மது சேர்க்கப்படவில்லை என்பதற்கும் உறுதி கிடையாது. மாட்டிறைச்சியைத் தவிர்ப்போர், மலாய்க் கடைகளில் ரெண்டாங் என்னும் கெட்டி மசாலாக் கறி பெரும்பாலும் மாட்டிறைச்சியில் செய்யப்படுகிறது என்பதை மறக்க வேண்டாம். சத்தே வாங்கும்போதும் கோழி, ஆடு, மாடு என்று பிரித்துச் சொல்லிக் கேளுங்கள். குச்சியில் வெந்தபின் ஒன்றையொன்று பிரித்தறிவது கடினம்.

6. எந்த வட்டாரம் முதலில்

தமிழர்கள், லிட்டில் இந்தியாவில் சிராங்கூன் சாலையோரம் உள்ள தேக்கா நிலையம் என்னும் உணவங்காடியில் தொடங்குவது நல்லது. காரணம் ருசி அன்று, மொழி. மேசை பிடிப்பது, பானத்தைத் தனியாக வாங்குவது, தட்டைத் திருப்புவது ஆகிய பழக்கங்களைத் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஒரே கூரையின் கீழ் பிரியாணிக் கடையும் சீன நூடுல்ஸ் கடையும் இருப்பதால் அடுத்த அடி வைப்பதும் எளிது. ஆனால் பயணம் முழுவதையும் சிராங்கூன் சாலையிலேயே முடித்துக்கொள்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கும். ஒரு வேளை போதும். அடுத்த வேளை நகர்ந்துவிடுங்கள்.

இரண்டாவதாக மலாய் முஸ்லிம் மரபு வட்டாரமான கம்போங் கிளாம். நார்த் பிரிட்ஜ் சாலையின் முர்தபாக் (இறைச்சி வைத்துச் சுட்ட ரொட்டி), கண்டஹார் ஸ்திரீட்டின் நாசி பாடாங் (சோற்றோடு பல கறிகள்) ஆகியவை நம் நாக்குக்கு அறிமுகமான மசாலாவிலிருந்து மெல்ல விலகிச் செல்பவை. நாசி பாடாங்கில் சுட்டிக் காட்டும் ஒவ்வொரு தட்டுக்கும் தனி விலை என்பதால் ஆசைக்கு அளவு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாகச் சைனாடவுன். இங்குள்ள சைனாடவுன் காம்ப்ளெக்ஸில் 200க்கும் மேற்பட்ட உணவுக்கடைகள் இருப்பதால் முன்னனுபவம் இல்லாமல் நுழைந்தால் தலை சுற்றும். மூன்றாவதாக வைக்கச் சொல்வது அதனால்தான். கடை எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். பெயர்ப்பலகை சீனத்தில் மட்டும் இருந்தாலும் எண் எல்லோருக்கும் பொது.

பிறகு கேலாங் சிராய்ச் சந்தையின் மலாய்க் கடைகளையும், அங்கிருந்து ஜூ சியாட் வழியாகக் காத்தோங் வரை சீன, மலாய் மரபுகள் கலந்த பெரனாக்கான் சமையலையும் ஒரே நாளில் நடந்து பார்க்கலாம். காத்தோங் லக்சாவில் நூடுல்ஸை வெட்டிப் போட்டிருப்பார்கள். கரண்டி மட்டுமே போதும்.

இவற்றையெல்லாம் முடித்தவர்களுக்கு இரண்டு கட்டடங்களைச் சொல்வேன்: பர்மியச் சாப்பாட்டுக்குச் சிட்டி ஹால் ரயில் நிலையத்தை ஒட்டிய பெனின்சுலா பிளாசா, பிலிப்பினோ சாப்பாட்டுக்கு ஆர்ச்சர்ட் சாலையின் லக்கி பிளாசா. ஞாயிற்றுக்கிழமை இவை வேலைக்கு வந்தவர்கள் தம் நாட்டவரைச் சந்திக்கும் இடங்கள். அன்று அவர்களுக்கு இடம் விட்டு, வார நாளில் போனால் கடைக்காரரும் நின்று விளக்குவார்.

7. உணவகத்தில் பில்லைப் படித்தல்

விலைப்பட்டியலில் விலைக்குப் பின் ‘++’ என்று இருந்தால், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியும் கூடும். வரி, சேவைக் கட்டணம் சேர்ந்த தொகையின் மேல் கணக்கிடப்படும். 60 வெள்ளிச் சாப்பாட்டுக்கு 6 வெள்ளி சேர்ந்து 66 ஆகி, அதன் மேல் 5.94 வெள்ளி வரியும் சேர்ந்து 71.94 வெள்ளியில் முடியும். ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொண்டு முடிவெடுங்கள். டிப்ஸ் தரும் வழக்கம் இல்லை.

சீன உணவகங்களில் உட்கார்ந்ததும் வரும் வேர்க்கடலைக்கும் ஈரத்துண்டுக்கும் பெரும்பாலும் காசு உண்டு. வேண்டாமென்றால் தொடாமல் அப்போதே திருப்பிக் கொடுத்துவிடலாம். நண்டு, மீன் போன்றவற்றுக்குச் ‘சந்தை விலை’ என்று எழுதியிருந்தால் இரண்டு கேள்விகளைச் சமைக்கும் முன்பே கேட்க வேண்டும்: கிலோ என்ன விலை, இந்த நண்டு எத்தனை கிலோ. முதல் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுப் பில்லைப் பார்த்துத் திகைப்பவர்கள் அதிகம். மிளகாய் நண்டுக்கு வறுத்த மந்தாவ் ரொட்டியைச் சேர்த்துச் சொல்லுங்கள். குழம்பின் அருமை அதில்தான் தெரியும்.

8. கஃபே

தியோங் பாரு, ஜாலான் புசார், ஹாஜி லேன் ஆகிய பகுதிகளில் பழைய கடைவீடுகளில் கஃபேக்கள் வரிசையாக உள்ளன. வார நாளில் பிற்பகல் போனால் உட்கார இடம் கிடைக்கும். வார இறுதியில் காத்திருக்க வேண்டிவரும். ஒரு காப்பியின் விலையில் உணவங்காடியில் ஒரு வேளை சாப்பிட்டுவிடலாம் என்பதால், வெயிலிலிருந்து ஒரு மணி நேர ஓய்வுக்கு என்று நினைத்துப் போங்கள்.

9. மதுக்கூடம்

மதுக்கூடங்கள் நிறைந்த கீயோங் சைக் சாலை, ஆன் சியாங் குன்று, தெலுக் ஆயர் ஆகியவை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்தே போகக்கூடியவை. சிங்கப்பூர் ஆற்றோரத்தில் போட் கீயும் கிளார்க் கீயும் இருக்கின்றன. மது அருந்தச் சட்டப்படி 18 வயது நிறைந்திருக்க வேண்டும். இளமையாகத் தோன்றுவோர் அடையாள ஆவணத்தை உடன் வைத்திருங்கள்.

விலை கூடுதலாக இருப்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று தீர்வை. ஒயினுக்கும் ஸ்பிரிட் வகைகளுக்கும் அதிலுள்ள ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 88 வெள்ளி என்ற கணக்கில் தீர்வை விதிக்கப்படுகிறது. 12.5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள 750 மில்லி ஒயின் புட்டிக்கு அது 8.25 வெள்ளி ஆகிறது, அதன் மேல்தான் வாடகையும் லாபமும் வரியும். காக்டெயில் ஒன்று 20 வெள்ளியைத் தாண்டுவது சாதாரணம்; அங்கேயும் ‘++’ உண்டு. ஆகவே முன்மாலைச் சலுகை நேரத்தில் ஒன்று குடித்துவிட்டு, சாப்பிடப் போவது சிக்கனமான வரிசை. வெறும் வயிற்றில் தொடங்க வேண்டாம். 5 மணி அளவில் உணவங்காடியில் சிற்றுண்டி முடித்துவிடுங்கள்.

கடையில் புட்டி வாங்கி ஆற்றங்கரையில் அமர்ந்து குடிக்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்துவது 2015 முதல் குற்றம். லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் கட்டுப்பாடு இன்னும் கூடுதல்: சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கவே கூடாது. உரிமம் பெற்ற மதுக்கூடங்களுக்குள் அவற்றின் உரிம நேரம் வரை அருந்தலாம்.

ரயில் சேவை நள்ளிரவை ஒட்டி முடிந்துவிடும். கடைசி ரயிலின் நேரம் நிலையத்துக்கு நிலையம் வேறுபடுவதால் இறங்கும்போதே பலகையில் பார்த்து வையுங்கள். ரயிலுக்குள்ளும் நிலையத்துக்குள்ளும் உண்பதும் பருகுவதும் அபராதத்துக்குரியவை, தண்ணீர் உட்பட. பொட்டலத்தைக் கட்டியபடியே வீட்டுக்குக் கொண்டு போகலாம், டுரியானைத் தவிர. கடைசி ரயிலைத் தவறவிட்டவர்கள் வாடகைக் காரைக் கூப்பிடும் முன், 24 மணி நேரமும் திறந்திருக்கும் பிராட்டாக் கடை பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டம் கலையும் நேரத்தில் ஏறும் கார்க்கட்டணம், ஒரு முட்டை பிராட்டாவும் ஒரு ‘தே ஓ’வும் முடிவதற்குள் பெரும்பாலும் இறங்கியிருக்கும்.